சின்னப் பிள்ளைகளோடு வேறு நாட்டுக்குக் குடிபோகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்குழந்தை முதல் பத்து வயது வரையான பிள்ளைகளோடு நாடு மாறும் குடும்பங்கள் எங்களிடம் கேட்கிற கேள்விகள் இவை. ஒரே சந்தேகம் வெவ்வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருந்ததால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் பொருந்துவதையே முதலில் சொல்கிறோம். விதி நாட்டுக்கு நாடு மாறும் இடங்களில் ஒன்றிரண்டு நாடுகளை உதாரணத்துக்கு மட்டும் எடுத்திருக்கிறோம்.

1. விசா வந்தாச்சு, கிளம்ப ரெண்டு மாசம் இருக்கு. எதிலிருந்து ஆரம்பிக்கிறது?

பெட்டி கட்டுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம், கிளம்பும் முன் மட்டுமே செய்ய முடிந்த வேலைகள். வலப்பக்கம், போன பிறகும் செய்யக்கூடியவை. சான்றிதழ்த் திருத்தம், அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்ல ஆவணத்தில் அரசு ஒட்டும் சான்று, 3-இல் பாருங்கள்), மருத்துவக் குறிப்புகள், பள்ளிக் கடிதம், பல் வைத்தியம், பவர் பத்திரம், பழைய கைபேசி எண் எல்லாம் இடப்பக்கம். கட்டில், தட்டு, குளிர் உடுப்பு, பொம்மை எல்லாம் வலப்பக்கம். பெரும்பாலானவர்கள் ஒன்றரை மாதம் வலப்பக்கத்துக்கே அலைந்துவிட்டுக் கடைசி வாரத்தில் இடப்பக்கத்துக்கு வருகிறார்கள். அந்த வாரத்தில் அரசு அலுவலகத்துக்கு நாலு நாள் தொடர் விடுமுறை வந்தால் எல்லாம் போச்சு.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைத் தனியாகப் பாருங்கள். பல நாடுகளில் பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும் பாஸ்போர்ட், குழந்தைக்கு ஐந்து வருடம்தான். உள்ளே நுழைய இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடுகள் நிறைய. வதிவிட அனுமதியைப் பாஸ்போர்ட் முடியும் தேதி வரைதான் கொடுக்கிற இடங்களும் உண்டு. அப்படியானால் குழந்தைக்கு மட்டும் அனுமதி சீக்கிரம் முடிந்து, அலைச்சலும் கட்டணமும் இரண்டு தடவையாகும். ஒன்றரை வருடத்துக்குக் குறைவாக இருந்தால், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்துவிடுங்கள்.

2. என்னென்ன காகிதம் கையோட கொண்டுபோகணும்?

பிறப்புச் சான்றிதழில் இரண்டு வகை கொடுக்கும் நாடுகள் உண்டு. சுருக்கமானதில் குழந்தையின் பெயரும் தேதியும்தான் இருக்கும். முழுமையானதில் பெற்றோர் பெயரும் இருக்கும். வேண்டியது இரண்டாவது. அதோடு திருமணச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவு, கடைசி இரண்டு வருடப் பள்ளி அறிக்கைகள், தத்தெடுத்த பிள்ளை என்றாலும் முந்தைய திருமணத்துப் பிள்ளை என்றாலும் நீதிமன்ற உத்தரவு.

யாருக்கும் தோன்றாத மூன்று கடிதங்கள் இருக்கின்றன. வாடகையை ஒழுங்காகக் கட்டினீர்கள் என்று இப்போதைய வீட்டுக்காரரிடம் ஒன்று. இத்தனை வருடம் விபத்து இழப்பீடு கோரவில்லை என்று கார் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒன்று. பிள்ளை எப்படிக் கற்கிறது, எதில் தடுமாறுகிறது என்று வகுப்பு ஆசிரியரிடம் ஒரு பக்கம். முதலாவது வீடு கிடைக்க உதவும், இரண்டாவது காப்பீட்டுத் தொகையைக் குறைக்க உதவலாம், மூன்றாவதைப் புதுப் பள்ளி மதிப்பெண் பட்டியலைவிடக் கவனமாகப் படிக்கும்.

அசல்கள் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டியில் வேண்டாம், கப்பலில் வேண்டவே வேண்டாம்.

3. அப்போஸ்டில்னா என்ன? நோட்டரி கையெழுத்து போதாதா?

போதாது. நோட்டரி யாரென்று இன்னொரு நாட்டு அலுவலகத்துக்குத் தெரியாது. 1961-இல் ஹேக் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடு ஒன்று தன் அரசு ஆவணத்தில் ஒட்டும் சான்றுதான் அப்போஸ்டில். ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும்தான் அது சொல்லும். உள்ளே எழுதியிருப்பது சரியா தவறா என்பதற்கு அது பொறுப்பில்லை. அதனால் எழுத்துப்பிழையைத் திருத்திய பிறகே அப்போஸ்டிலுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு நாடுகளில் ஒன்று உடன்படிக்கையில் இல்லாவிட்டால், வெளியுறவு அலுவலகம், தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வாங்கும் பழைய வழிதான்.

மொழிபெயர்ப்பு தேவைப்பட்டால் முதலில் அப்போஸ்டில், பிறகு மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் அப்போஸ்டில் பக்கம் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்த நாடு அங்கீகரித்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. அப்படியானால் மொழிபெயர்ப்பை மட்டும் போய்ச் செய்துகொள்வது நல்லது. சில நாடுகள் கடந்த மூன்று அல்லது ஆறு மாதத்துக்குள் எடுத்த பிறப்புச் சான்றிதழைத்தான் ஏற்கும் என்பதால், சீக்கிரமே வாங்கிவைப்பதும் சில நேரம் வீண்.

4. அப்பா, அம்மா, குழந்தை மூணு பேருக்கும் கடைசிப் பெயர் வேற வேற. பிரச்சினை வருமா?

பெற்றோர் இருவரும் கூட இருந்தால் பெரும்பாலும் வராது. ஒருவர் மட்டும் பிள்ளையோடு எல்லை கடக்கும்போதுதான் கேள்வி வரும். மற்றவர் சம்மதிக்கிறார் என்று தேதி, பயண விவரம், பாஸ்போர்ட் எண்களோடு நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதமும், 2-இல் சொன்ன முழுமையான பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

உண்மையான தொல்லை எழுத்துக்கூட்டலில்தான். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி என்றால் கிளம்பும் முன் சான்றிதழைத் திருத்துங்கள். நேரமில்லையென்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரமாவது வேண்டும். புது நாட்டில் முதல் பதிவில் பெயர் எப்படி ஏறுகிறதோ அப்படியேதான் வங்கி, வரி எண், காப்பீடு, பள்ளி எல்லாவற்றிலும் பரவும். முதல் ஊழியர் தட்டச்சு செய்யும்போது திரையைக் காட்டச் சொல்லி, பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரி எந்திர எழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அங்கேயே நின்று திருத்திக்கொள்ளுங்கள்.

5. தடுப்பூசி அட்டை இருக்கு. அது போதும்தானே?

அட்டையில் 04/05 என்று இருந்தால் அது மே 4-ஆ, ஏப்ரல் 5-ஆ? நாட்டுக்கு நாடு படிக்கும் முறை மாறும். மாதத்தை எழுத்தால் எழுதி, மருந்தின் வணிகப் பெயரோடு எந்த நோய்க்கான ஊசி என்பதையும் குறித்து, மருத்துவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வணிகப் பெயரை மட்டும் எழுதினால் அடுத்த நாட்டு மருத்துவருக்கு அது புரியாது. சந்தேகமுள்ள ஊசியை மறுபடி போடச் சொல்வார்கள்.

முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியைப் பல நாடுகள் கணக்கில் எடுப்பதில்லை. எம்.எம்.ஆர் (தட்டம்மையும் சேர்ந்த கூட்டு ஊசி) போன்ற, வலுவிழந்த உயிருள்ள கிருமியால் ஆன ஊசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் இடையே 28 நாள் வேண்டும். கிளம்ப இருபது நாள் இருக்கும்போது இது நினைவுக்கு வந்து பயனில்லை. மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கும் பாதையில் போவதானால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும். 2016 ஜூலை 11 முதல் அந்தச் சான்று வாழ்நாள் முழுவதற்கும்.

பி.சி.ஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு ஒரு தனி விஷயம். காசநோய்க்கான தோல் பரிசோதனையில், நோய் இல்லாவிட்டாலும் அந்த ஊசியால் தோல் தடிக்கலாம். பி.சி.ஜி வழக்கமில்லாத நாட்டில் இதைப் பார்த்துப் பிள்ளையை மாதக்கணக்கில் மாத்திரையில் போட்டுவிடக்கூடும். ஊசி போட்டதைச் சொல்லி, பி.சி.ஜியால் பாதிக்கப்படாத ரத்தப் பரிசோதனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

6. காய்ச்சல் மருந்தை இங்கிருந்தே வாங்கிட்டுப் போயிடலாமா?

முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு பாட்டில் போதும். அது தீர்ந்து அங்கே புதுப் பாட்டில் வாங்கும் இடத்தில்தான் ஆபத்து. பாராசிட்டமால் சிரப் ஒரு நாட்டில் 5 மி.லி.க்கு 120 மி.கி., இன்னொன்றில் 160, வேறொன்றில் 250. குழந்தைச் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கே 100 மி.கி. இருப்பதுண்டு. அமெரிக்காவில் அதே மருந்தின் பெயர் அசிட்டமினோஃபென். இரண்டும் வேறு என்று நினைத்து இரண்டையும் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

12 கிலோ எடையுள்ள பிள்ளையை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 180 மி.கி. அதாவது 120 பாட்டிலில் 7.5 மி.லி. கை பழகிய அதே 7.5 மி.லி.யை 250 பாட்டிலில் ஊற்றினால் 375 மி.கி., இரண்டு மடங்குக்கும் மேல். சொட்டு மருந்தில் ஊற்றினால் 750 மி.கி. ஆகவே மி.லி.யை மனப்பாடம் செய்யாதீர்கள். மருத்துவர் சொன்ன மி.கி. அளவைத் தாளில் எழுதி மருந்துப் பெட்டியின் மூடியில் ஒட்டிவையுங்கள். எடை கூடக் கூட அந்தத் தாளும் மாற வேண்டும்.

தொடர் மருந்து எடுக்கும் பிள்ளை என்றால், மூலப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதமும் மூன்று மாத மருந்தும் வேண்டும். அதற்குமுன் அந்த மருந்து அந்த நாட்டில் அனுமதிக்கப்பட்டதா என்று பாருங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்குச் சில நாடுகளில் சாதாரணமாக எழுதித் தரும் ஆம்ஃபெட்டமின் வகையை, மருத்துவர் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள்.

7. ஒருத்தர் முன்னாடி போய் வீடு பார்த்து வெச்சிட்டு, மத்தவங்க அப்புறம் போறது நல்லதா?

நாலு முதல் எட்டு வாரம் வரை என்றால் நல்லதுதான். போகிறவர் பதிவு, வங்கி, வீடு மூன்றையும் பிள்ளை கையைப் பிடிக்காமல் முடிக்கலாம். மூன்று மாதத்தைத் தாண்டினால், பிள்ளைகள் ஒருவர் இல்லாத வாழ்க்கைக்குப் பழகிவிட்டு மறுபடி சேர்ந்து வாழவும் பழக வேண்டியிருக்கும். பின்தங்குகிறவர்தான் வீட்டைக் காலி செய்வது, விற்பது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பறப்பது எல்லாம் செய்கிறார் என்பதை முன்னே போகிறவர் மறந்துவிடக் கூடாது. குடும்ப விசாவில் இந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும் என்ற கெடு இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகப் பறக்கும்போது 4-இல் சொன்ன சம்மதக் கடிதம் தேவைப்படும்.

8. எந்த நாள் போய் இறங்கணும்?

செவ்வாய் அல்லது புதன், பகல் வெளிச்சத்தில். வார விடுமுறைக்கு முந்தைய ராத்திரி போய் இறங்கினால் சாவி, இணையம், சூடுநீர் எதில் கோளாறு வந்தாலும் கேட்க ஆள் இருக்காது. டிக்கெட் கொஞ்சம் மலிவு என்பதற்காக நள்ளிரவில் இறங்குவது பொய்யான சேமிப்பு.

9. விமானத்தில் கைக்குழந்தையை எப்படிச் சமாளிக்கிறது?

இரண்டு வயது நிரம்பும் வரை மடியில் வைத்துப் போகலாம். நடுவில் பிறந்தநாள் வந்தால் அதற்குப் பிறகான பயணத்துக்கு இருக்கை வாங்க வேண்டும். முன்வரிசைத் தொட்டில் எண்ணிக்கையில் கொஞ்சம், எடை வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதைப் பதிவு செய்த அன்றே கேட்டு உறுதி செய்யுங்கள். காது வலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். தரை தொடும் நேரத்தில் அல்ல, அதற்கு அரை மணி முன்பு இறக்கம் தொடங்கும்போதே பாலோ தண்ணீரோ கொடுக்கத் தொடங்குங்கள். கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட திரவப் பாட்டில் கூடாது என்ற கட்டுப்பாட்டிலிருந்து குழந்தையின் பாலுக்குப் பெரும்பாலான நாடுகள் விலக்குத் தருகின்றன, சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். மாற்றுடை குழந்தைக்கு இரண்டு, உங்களுக்கு ஒன்று. அந்த ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

10. சாமான்களைக் கப்பலில் அனுப்பலாமா, போய் வாங்கிக்கலாமா?

20 அடி கண்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கனமீட்டர். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் அதில் அடங்கும். அவ்வளவு இல்லையென்றால் பிறர் சரக்கோடு பங்கிட்டு அனுப்பலாம், ஆனால் கண்டெய்னர் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு இரண்டு மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தேவைப்படும் எதையும் அதில் போடக் கூடாது.

பழைய வீட்டுச் சாமானுக்குச் சுங்க வரிவிலக்கு பல நாடுகளில் உண்டு, நிபந்தனையோடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொருள் ஆறு மாதமாவது உங்கள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், குடியேறிய பன்னிரண்டு மாதத்துக்குள் வந்து சேர வேண்டும். ஆகவே கிளம்பும் முன் புதிதாக வாங்கி அனுப்புவது இரட்டைச் செலவு. மரப்பெட்டியில் கட்டுவதானால் ஐ.எஸ்.பி.எம் 15 (பொதி மரத்துக்கான சர்வதேசத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சூடேற்றியோ புகையூட்டியோ பூச்சி நீக்காத மரத்தைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

மின்சாதனத்தில் பின்பக்க ஒட்டுத்தாளைப் படியுங்கள். 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் பிளக் மாற்றினால் போதும். லேப்டாப், கைபேசி சார்ஜர் பெரும்பாலும் இப்படித்தான். ஒரே எண் மட்டும் இருந்து, அங்கே மின்னழுத்தம் வேறு என்றால் விட்டுவிடுங்கள். பால் புட்டி ஸ்டெரிலைசர், முடி உலர்த்தி, மிக்ஸி எல்லாம் இந்த வகை. பிளக் அடாப்டர் மின்னழுத்தத்தை மாற்றாது என்பது தெரியாமல் முதல் ராத்திரியே எரித்துவிடுகிறார்கள்.

11. காரில் வைக்கிற குழந்தை இருக்கை நல்லா இருக்கு. அதையாவது எடுத்துப் போகலாமா?

அந்த நாடு ஏற்கும் தர முத்திரை அதில் இருந்தால் மட்டும். ஐரோப்பாவிலும் அந்த விதியைப் பின்பற்றும் நாடுகளிலும் ஆர்44 அல்லது ஆர்129. அமெரிக்காவில் வேறு தரம். ஒன்றில் செல்வது மற்றதில் சட்டப்படி செல்லாது. பெட்டிப் பகுதியில் போட்டு அனுப்பிய இருக்கை அடிபட்டிருக்கலாம், வெளியே தெரியாது. ஆர்129 விதியில் 15 மாதம் வரை குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். வந்து இறங்கும் அன்று விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு எதில் போவீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

12. வீடு வேணும்னா பேங்க் கணக்கு கேக்குறாங்க, பேங்க் கணக்கு வேணும்னா வீட்டு முகவரி கேக்குறாங்க. எங்கே இருந்து நுழையிறது?

தற்காலிக வீட்டிலிருந்து. மூன்று நான்கு வாரத்துக்கு எடுக்கும்போது "இந்த முகவரியில் அரசுப் பதிவு செய்ய முடியுமா, அதற்குக் கடிதம் தருவீர்களா" என்று கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். உதாரணத்துக்கு ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு தந்தவரின் உறுதிக் கடிதம் கேட்பார்கள். கடிதம் தராத மலிவு அறை எடுத்தால் வங்கியும் வரி எண்ணும் அங்கேயே நின்றுவிடும். முகவரிப் பதிவு இல்லாத நாடுகளில் முதலாளி நிறுவனத்தின் கடிதத்தைப் பல வங்கிகள் முகவரிச் சான்றாக ஏற்கும்.

உங்கள் பழைய கடன் வரலாறு எல்லை தாண்டி வராது. வீட்டுக்காரர் பார்வையில் நீங்கள் நேற்றுப் பிறந்தவர். வேலை ஒப்பந்தம், சம்பளக் கடிதம், 2-இல் சொன்ன பழைய வீட்டுக்காரர் கடிதம் மூன்றையும் ஒரே கோப்பாக்கி, வீடு பார்க்கப் போகும்போதே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். "நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பது உலகம் முழுக்க ஒரே மோசடி.

இன்னொன்று, அற்பமாகத் தெரியும். அஞ்சல்பெட்டியில் பெயர் எழுதியிருந்தால்தான் தபால் போடுவார்கள் என்ற நாடுகளில், குடும்பத்தில் எத்தனை கடைசிப் பெயர் இருக்கிறதோ அத்தனையும் பெட்டியில் ஒட்ட வேண்டும். அப்பா பெயர் மட்டும் ஒட்டினால் அம்மாவின் வங்கி அட்டையும் பிள்ளையின் காப்பீட்டு அட்டையும் திரும்பிப் போய்விடும்.

13. பழைய சிம்மை ரத்து பண்ணிடலாமா?

வேண்டாம். பழைய வங்கி, வரி, ஓய்வூதியக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். குறைந்தபட்சக் கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, வெளிநாட்டில் குறுஞ்செய்தி வருகிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டு, ரோமிங்கை இயக்கிவிடுங்கள். எத்தனை நாள் ரீசார்ஜ் செய்யாவிட்டால் எண்ணைப் பறித்துக்கொள்வார்கள் என்பதையும் நாட்காட்டியில் குறியுங்கள். எண் வேறொருவருக்குப் போய்விட்டால் கணக்கைத் திறக்க நேரில் வரச் சொல்வார்கள்.

14. கையில எவ்வளவு பணம் இருக்கணும்?

அங்கத்திய மூன்று மாதக் குடும்பச் செலவு, அதன்மேல் வீட்டு முன்பணம். முதல் சம்பளம் கணக்குத் திறக்கத் தாமதமானால் இரண்டாம் மாதம்தான் கைக்கு வரும். குழந்தைக் காப்பகத்துக்கு மானியம் தரும் நாட்டிலும் அது பின்தேதியிட்டு வரலாம். அதுவரை முழுக் கட்டணம் உங்கள் கையிலிருந்துதான்.

ரொக்கமாக எடுத்துப்போனால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ முதலும் அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேலும் அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் சேர்ந்து வரும் குடும்பத்தின் பணத்தை மொத்தமாகக் கூட்டிப் பார்ப்பார்கள். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைப்பது உதவாது. அறிவித்தால் வரி இல்லை. அறிவிக்காமல் பிடிபட்டால்தான் பறிமுதல்.

15. பள்ளியில் எந்த மாசம் சேர்க்கிறது? எந்த வகுப்பில் போடுவாங்க?

வகுப்பைப் பிறந்த தேதியே தீர்மானிக்கும் நாடுகள் பல. இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31 கணக்கு; அன்று பிறந்தவளும் மறுநாள் பிறந்தவளும் வெவ்வேறு வகுப்பு. ஜப்பானில் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கும், ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில். அதனால் பிள்ளை அரை வகுப்பு முன்னேயோ பின்னேயோ போவது தவிர்க்க முடியாதது. ஏழு வயதுக்குக் கீழே என்றால் கீழ் வகுப்பு கிடைப்பதை இழப்பாக நினைக்க வேண்டாம்.

நீண்ட விடுமுறைக்கு மூன்று நான்கு வாரம் முன்பு சேர்ப்பது, விடுமுறை முடிந்து சேர்ப்பதைவிட மேல் என்பது எங்கள் கருத்து. படிப்பு எதுவும் நடக்காது, ஆனால் விடுமுறையில் விளையாட இரண்டு பேர் கிடைப்பார்கள். முகம் தெரிந்த வகுப்பறைக்கே பிள்ளை திரும்பிப் போகும்.

16. பிள்ளைக்கு அந்த மொழி ஒரு வார்த்தை தெரியாது. வீட்டிலும் அதையே பேசிப் பழக்கலாமா?

வேண்டாம். உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் பிள்ளைக்குக் கிடைப்பது அரைகுறை வாக்கியங்கள்தான். கதையும் கோபமும் கொஞ்சலும் எந்த மொழியில் தடையில்லாமல் வருகிறதோ அதுதான் வீட்டு மொழி. புது மொழியைப் பள்ளி கொடுக்கும். இரண்டையும் கலந்து பேசுவது குழப்பத்தின் அறிகுறி அல்ல, இரு மொழிக் குழந்தைகள் எல்லாருமே செய்வதுதான். வீட்டு மொழியில் எழுதப் படிக்க வேண்டுமென்றால் தினம் பதினைந்து நிமிடம் போதும். வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது நிலைப்பதில்லை.

முதல் சில மாதம் பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கும் காலம் அது. வீட்டில் வழக்கம்போல் வாயாடினால் கவலையில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்தால், அல்லது பள்ளியில் அரை வருடம் தாண்டியும் ஒரு சொல் வராவிட்டால் நிபுணரிடம் காட்டுங்கள். பேசாத காலத்திலும் பிள்ளைக்கு ஆறு வாக்கியம் தெரிந்திருக்க வேண்டும்: கழிப்பறை போகணும், தண்ணீர் வேணும், இங்கே வலிக்குது, எனக்குப் புரியல, என்னைத் தொடாதே, அம்மாவைக் கூப்பிடுங்க. படம் வரைந்த சின்ன அட்டைகளாகப் பையில் போட்டுவிட்டால் ஆசிரியருக்கும் வசதி.

ஒரு வருடத்தில் பிள்ளை கூட்டாளிகளோடு சரளமாகப் பேசுவதைப் பார்த்து மொழி வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். விளையாட்டுப் பேச்சுக்குச் சுமார் இரண்டு வருடம், பாடநூல் மொழியில் சக மாணவர்களைப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் என்பது கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டிய கணக்கு. மூன்றாம் வகுப்பில் அறிவியல் மதிப்பெண் குறைந்தால் அறிவியல் புரியவில்லையா, கேள்வி புரியவில்லையா என்று முதலில் பாருங்கள். அதே கேள்வியை வீட்டு மொழியில் கேட்டால் தெரிந்துவிடும்.

17. அஞ்சு வயசுப் பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான், ராத்திரி மூணு மணிக்கு எழுந்து விளையாடுறான். ஏதாவது கோளாறா?

மூன்று மணி விளையாட்டு முதல் ஒன்றிரண்டு வாரத்தில் என்றால் நேர மாற்றம்தான். எத்தனை மணி நேரம் வித்தியாசமோ அத்தனை நாள் ஆகும் என்பது தோராயக் கணக்கு. கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் கொஞ்சம் கூட. எழுந்தால் மங்கலான விளக்கு, கொஞ்சம் சாப்பாடு, திரை வேண்டாம், பேச்சும் குறைவாக. காலையில் நியாயமான நேரத்தில் எழுப்பி வெளிச்சத்தில் வெளியே கூட்டிப்போங்கள். பகல் தூக்கத்தை இழுக்க விட்டால் ராத்திரி சரியாகாது.

படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, மழலைக்குத் திரும்புவது எல்லாம் முதல் ஆறு எட்டு வாரம் எதிர்பார்க்க வேண்டியவை. திட்டாமல் விரிப்பை மாற்றுங்கள். பழைய தலையணை உறையைத் துவைக்காமல் கைப்பெட்டியில் கொண்டுவந்தால் அந்த வாசனைக்கே தூங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் நனைப்பதோடு அடங்காத தாகம், எடை குறைதல், அசதி சேர்ந்தால் மனசு சரியில்லை என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். சிறுவர் நீரிழிவு இப்படித்தான் தலைகாட்டும்.

18. வேலைக்குப் போறவங்க சமாளிச்சிடறாங்க. வீட்டில் இருக்கிறவங்கதான் உடைஞ்சு போறாங்க. என்ன பண்றது?

வேலைக்குப் போகிறவரைச் சார்ந்து வரும் விசாவில் வீட்டில் இருப்பவரும் வேலை செய்யலாமா என்பதை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பாருங்கள். போன பிறகு தெரிந்துகொள்வதால் பல வீடுகளில் சண்டை. வங்கிக் கணக்கு, கைபேசி, மருத்துவப் பதிவு, வாடகை ஒப்பந்தம் நான்கிலும் அவர் பெயர் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் மற்றவர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நிலைதான் முதலில் மனசை ஒடிக்கிறது.

வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள், பெரும்பாலும் உரிமம் கொடுத்த நாட்டில்தான் கிடைக்கும். 1949-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி தரும் வகைக்கு ஒரு வருடம், 1968 உடன்படிக்கை வகைக்கு அதிகபட்சம் மூன்று. எது செல்லும் என்பது போகும் நாட்டைப் பொறுத்தது. அசல் உரிமம் கூடவே இருக்க வேண்டும். குடியேறியவருக்கு இந்த அனுமதி சில மாதம்தான் செல்லும் என்ற நாடுகள் இருப்பதால் உள்ளூர் உரிமத்துக்குச் சீக்கிரம் விண்ணப்பியுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம், பிள்ளை இல்லாமல் அவர் வெளியே போகும்படி நிரந்தரமாக ஒதுக்குங்கள். "முடிஞ்சப்போ போ" என்றால் முடியவே முடியாது.

19. அங்கே போய் இன்னொரு குழந்தை பிறந்தா அந்த நாட்டுக் குடியுரிமை கிடைச்சிடுமா?

மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்பது பெரும்பாலும் வட, தென் அமெரிக்க நாடுகளின் வழக்கம். மற்ற இடங்களில் பெற்றோரின் குடியுரிமையையும், எத்தனை வருடம் சட்டப்படி வசித்தார்கள் என்பதையும் பார்ப்பார்கள். கிடைக்காது என்றால் உங்கள் நாட்டுத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும், அதற்குக் கெடு இருக்கலாம். பாஸ்போர்ட் வரும் வரை அந்தக் குழந்தையால் எல்லை கடக்க முடியாது. பாட்டியைப் பார்க்க இரண்டாம் மாதம் டிக்கெட் போடாதீர்கள்.

20. ஒத்து வரலைன்னா ஒருத்தர் மட்டும் பிள்ளைகளோட திரும்பிடலாமா?

மற்றவர் சம்மதம் இல்லாமல் முடியாது. பலருக்கு இது தெரியாது. பிள்ளை வழக்கமாக வாழும் நாடு எது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த ஊரையும் அல்ல. குடியேறி, பள்ளியில் சேர்ந்து சில மாதத்திலேயே புது நாடு அந்த இடத்துக்கு வந்துவிடலாம். அதன்பின் ஒருவர் மட்டும் முடிவெடுத்துப் பிள்ளையைக் கூட்டிப்போனால், அது சொந்த நாடாகவே இருந்தாலும், 1980 அக்டோபர் 25-ஆம் தேதிய ஹேக் உடன்படிக்கையின் கீழ் அது பிள்ளை கடத்தல். 16 வயது வரை அது பொருந்தும். ஒரு வருடத்துக்குள் மற்றவர் விண்ணப்பித்தால், சில விதிவிலக்குகள் தவிர, பிள்ளையைத் திருப்பி அனுப்ப நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். உடன்படிக்கையில் சேராத நாடுகளில் இந்த வழியே கிடையாது. அங்கே விட்டுச்செல்லப்பட்டவர் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆரம்பத்திலிருந்து போராட வேண்டும்.

ஆகவே பேச்சைக் கிளம்பும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். போவது எத்தனை வருடத்துக்கு, எந்த மாதம் உட்கார்ந்து மறுபடி யோசிப்பது, யாருக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது. பதினெட்டாம் மாதம் நல்ல தேதி. அதற்குள் ஒரு பள்ளித் தொடக்கத்தையாவது பார்த்திருப்பீர்கள். விடுமுறைக்கு ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போகும்போது, 4-இல் சொன்ன சம்மதக் கடிதத்தில் திரும்பி வரும் தேதியையும் எழுதுங்கள். இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும்.